ஓட்டை விழாத வல்லாரை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வல்லாரை வாங்குகிறவர்கள் கீரைக்கட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, இலைக்குள்ளால் வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பார்கள். பூச்சி ஒரு பொட்டு அரித்திருந்தாலும் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். விலை இறங்கும். என் கட்டை யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. "அது அண்ணையின்ரை கீரை" என்று சொல்லி அப்படியே அடுக்கிக்கொண்டு போவார்கள். இதைப் பெருமைக்காக எழுதவில்லை என்று சொன்னால் பொய். பெருமைதான். ஆனால் நடந்ததைச் சொல்லவும் இது வேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் தகப்பன் விட்டுப்போனது நாலு பரப்புக் குத்தகைத் தோட்டத் தறையும் ஒரு மண்வெட்டியும். இன்றைக்கு இருபது பரப்புச் செம்மண் என் பெயரில் உறுதிப் பத்திரத்தோடு இருக்கிறது. இரண்டு கிணறு, இரண்டு தண்ணீர் மிசின், ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மிசின், மாடி வைத்த வீடு. யாரும் தந்ததில்லை. வெங்காயம் எல்லாரும் செய்கிறார்கள், நானும் செய்தேன். ஆனால் வல்லாரையைப் பாத்தி கட்டி, வரிசை பிடித்து நட்டு, சந்தைக்கு ஏற்றலாம் என்று எங்கள் ஒழுங்கையில் முதலில் கண்டுபிடித்தவன் நான். கிணற்றடியில் தானாக முளைக்கிறதை யார் காசு கொடுத்து வாங்குவான் என்று சிரித்தார்கள். சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது வல்லாரைதான் செய்கிறார்கள்.

எங்கள் பக்கத்துத் தோட்டக்காரரிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கேட்டால் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லாரும் செய்வார்கள். சந்தைக்கு ஒரு பாத்தி, வீட்டுக்கு ஒரு பாத்தி. சந்தைப் பாத்திக்குப் பூச்சி நாசினி அடிப்போம். வீட்டுப் பாத்திக்கு அடிக்க மாட்டோம். கத்தரியும் அப்படித்தான், பயற்றையும் அப்படித்தான், வல்லாரையும் அப்படித்தான். இதை நான் ஒரு பிழையாக நினைத்ததில்லை. சனம் கண்ணால் வாங்குகிறது. கண்ணுக்கு ஏற்றமாதிரி நாங்கள் விளைவிக்கிறோம்.

எங்கள் வீட்டுப் பாத்தி கிணற்றடிக்குக் கிழக்கே, குளிக்கிற தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் கரையில் இருந்தது. அது என் மனைவியுடையது. ஒரு பாய் விரித்த அளவுதான் இருக்கும். இலை முழுக்க ஓட்டை. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிடுவார்களே என்று எனக்குக் கூச்சமாக இருக்கும். நீ ஏன் உதை இப்படி விட்டு வைச்சிருக்கிறாய் என்று கேட்டால், "பூச்சி வாய் வைக்காததை எனக்குத் தின்னப் பயமா இருக்கு" என்பாள். அந்தக் கீரையில்தான் முப்பது வருடமும் எனக்குச் சம்பல் போட்டாள். தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய்ப்புளி. வேறு எவளும் அப்படிப் போட மாட்டாள்.

சந்தைக் கீரையைக் கட்டுவதும் அவள் வேலை. வாழைநாரை நனைத்துக் கிழித்து மடியில் வைத்துக்கொள்வாள். தண்டுகளை எண்ணுவது கூடக் கிடையாது. விரல் பிடிக்கிற பிடியிலேயே அளவு வந்துவிடும். ஒரு நாள் காலை நான் கட்டுகளைத் தூக்கிச் சாக்கில் போட்டபோது ஒன்றன் பின் ஒன்றாக அவிழ்ந்து விழுந்தன. அவள் முடிச்சுப் போடவே இல்லை. சும்மா நாரைச் சுற்றி வைத்திருந்தாள்.

"என்னப்பா உது" என்றேன்.

"அது... உந்த... கட்டுறது. அதுக்குப் பேர் என்ன?"

"நார்."

"ஓம். நார்." அதற்குப் பிறகும் அவளுக்கு முடிச்சு வரவில்லை. வலது கை விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்தோம். இரண்டு கிழமைக்குப் பிறகு கிணற்றடியில் வலிப்பு வந்து விழுந்தாள்.

படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளையின் இடது பக்கத்தில் கட்டி. கொழும்புக்குக் கொண்டுபோய் வெட்டி எடுத்தோம். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில் இருந்து வந்து, நின்று, திரும்பிப் போனார்கள். நாங்கள் ஊருக்குப் போகிறதுக்கு முன், வெட்டிய டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார். தமிழ் ஆள்தான், எங்கள் பக்கத்து ஆள்.

"ஐயா, கண்ணுக்குத் தெரிஞ்சதெல்லாம் எடுத்தாச்சு. ஆனால் உது பொல்லாத வகை. சுத்திவர மூளைக்குள்ளை கட்டியின்ரை உயிர்க் கலங்கள் கொஞ்சம் ஒளிச்சு நிக்கும். கதிர்வீச்சுப் பிடிப்பம், குளிசை மருந்து தருவம். அதுக்கு மற்றதெல்லாம் சாகும். உந்தக் கொஞ்சம் மட்டும் சாகாது. பேந்து அதிலை இருந்துதான் முழுக்கட்டியும் திரும்ப முளைக்கும்."

"கோரை" என்றேன்.

"என்ன?"

"கோரைப் புல், டொக்டர். மேலாலை எத்தினை தரம் செதுக்கினாலும் வேலையில்லை. கீழை கறுப்பா ஒரு கிழங்கு நிக்கும். செதுக்கச் செதுக்க அது நாலாப் பிரியும். வெங்காயத் தறையிலை கோரை விழுந்தால் கிழங்கைத்தான் பாக்க வேணும்."

அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "ஓம் ஐயா. அதுதான். கிழங்கு மாதிரியான கலம். நான் இனி ஆக்களுக்கு இப்பிடித்தான் விளங்கப்படுத்தப் போறன்" என்றார். இதைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் எழுதி வைக்கிறேன். ஐந்தாம் வகுப்புப் படித்தவன் சொன்னதை அவ்வளவு படித்த மனிதர் எடுத்துக்கொண்டார்.

"கிழங்கைக் கொல்லுறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"இப்ப ஒண்டும் இல்லை. தேடுகினம்."

வெளியே வந்து சாப்பாட்டுக் கடையில் இரண்டு வடை சாப்பிட்டு ஒரு தேத்தண்ணியும் குடித்தேன். வடை நல்ல வடை. ஏன் இது நினைவில் நிற்கிறது என்று தெரியவில்லை. அந்த நாளில் வேறு ஒன்றும் நினைவில் இல்லை.

ஊருக்குத் திரும்பிக் கதிர் பிடித்தோம். ஆறு கிழமை, கிழமையில் ஐந்து நாள். தலைமயிர் ஒரு பக்கம் கொட்டியது. சொற்கள் சில திரும்பி வந்தன, சில இடம் மாறி வந்தன. என்னை இவ்வளவு காலமும் இஞ்சாருங்கோ என்று கூப்பிட்டவள் அதற்குப் பிறகு வாளி என்று கூப்பிட்டாள். "வாளி, சாப்பிட்டாச்சோ?" என்பாள். முதல் நாள் தாதி சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு பழகிவிட்டது. வாளி என்றால் நான் திரும்பிப் பார்ப்பேன்.

என் மனைவியின் தங்கைக்கு ஒரு மகள் இருக்கிறாள். இணுவிலில் இருக்கிறாள். பல்கலைக்கழகம் முடித்துவிட்டு, மேல்படிப்புக்காக ஒரு ஆய்வுகூடத்தில் செடிகொடிகளில் இருந்து சாறு எடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தாள். எனக்குப் பெறாமகள். ஞாயிறு தவறாமல் ஸ்கூட்டியில் வந்து பெரியம்மாவுக்கு நகம் வெட்டிவிட்டுப் போவாள். ஒரு ஞாயிறு மத்தியானம் என் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்த வல்லாரைச் சம்பலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பெரியப்பா, ஒண்டு சொல்லுறன். ஆனால் சொன்னால் நீங்கள் ஊர் முழுக்கச் சொல்லிப்போடுவியள்."

"நான் ஏன் சொல்லுறன்?"

"நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லாமல் விட்ட விசயம் ஒண்டைச் சொல்லுங்கோ பாப்பம்."

என் மனைவி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சொல் போனாலும் பகிடி அவளுக்கு விளங்கும்.

பெறாமகள் சொன்னது இதுதான். டொக்டர் சொன்ன அந்தக் கிழங்குக் கலங்களை வெளிநாட்டில் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்து, வல்லாரைக்குள் இருக்கிற ஒரு புளிப்புச் சத்தை அதன்மேல் விட்டுப் பார்த்திருக்கிறார்களாம். அந்தச் சத்துக்கு அவள் சொன்ன பெயர் என் நாக்கில் நிற்கவில்லை. சில கலங்கள் செத்தனவாம், சில வளர மறந்து நின்றனவாம். எங்கள் மண்ணில் விளைகிற வல்லாரையில் அந்தச் சத்து எவ்வளவு இருக்கிறது, அது என்ன செய்கிறது என்று அவள் பார்க்கப் போகிறாள். சாறு எடுப்பது இங்கே. கலம் வளர்ப்பது கொழும்பில். மாதத்தில் ஒரு கிழமை அங்கே போய் நிற்பாள்.

"உந்தக் கலம் எங்கை எடுக்கிறது?"

"ஆரோ ஒரு நோயாளியின்ரை கட்டியிலை எடுத்தது பெரியப்பா. அந்த ஆள் செத்துக் கனகாலம். கலம் இன்னும் வளந்துகொண்டிருக்கு."

நான் சம்பலைக் குழைத்துச் சாப்பிட்டேன். "அப்ப பெரியம்மாவுக்குக் குடுப்பம்."

"அதைத்தான் நினைக்கக் கூடாது. தட்டிலை நடக்கிறது ஆளுக்குள்ளை நடக்காது. மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவிலை ஒரு வேலி மாதிரி இருக்கு. அதைத் தாண்டிப் போக வேணும். பத்து வருசம் போனாலும் போகும்."

பத்து வருடம் எங்களிடம் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை படம் எடுக்க வேண்டும், எப்போது முளைத்துக் காட்டுகிறதோ அன்றைக்குக் கணக்கு முடிந்தது. எனக்குத் தேவைப்பட்டது அதற்கு முன் ஒரு வழி. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. "கீரை என்ரை தோட்டத்திலை இருந்துதான் போக வேணும்" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த கிழமை ஐந்து கிலோ வேண்டும் என்று வந்தாள். வீட்டுப் பாத்தியில் அவ்வளவு வராது. வந்தாலும் அந்த ஓட்டைக் கீரையைப் படித்தவர்கள் இருக்கிற இடத்துக்கு அனுப்ப என் கை வராது. சந்தைப் பாத்தியில் மிகத் திறமான வரிசையில் நானே குந்தியிருந்து பிடுங்கினேன். நாசினி அடித்து நாலு நாள். தண்ணீரில் மூன்று தரம் அலசி, வேரை வெட்டி, இலை ஒரு பக்கம் பார்க்க அடுக்கிக் கொடுத்தேன். அவள் கையில் ஒரு படிவம் இருந்தது. பயிரிட்ட இடம், பிடுங்கிய நாள் என்று எழுதிக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நிமிர்ந்தாள்.

"பெரியப்பா, நாசினி அடிச்ச கீரையோ?"

"என்ரை கீரையைப் பாத்தோ உதைக் கேக்கிறாய்? சந்தையிலை வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாராமல் வாங்கிற கீரை பிள்ளை உது. உன்ரை பெரியம்மாவின்ரை காரியத்துக்கு நான் பழுதானதைத் தருவனோ?"

அது அவள் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெறாமகள் பெரியப்பனிடம் ஒரு கேள்வியை இரண்டாம்தரம் கேட்க மாட்டாள். 'இல்லை' என்ற பெட்டிக்குள் சரி போட்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கழுவின கீரைதானே, உள்ளே இருக்கிற சத்து ஒன்றுதானே என்று நினைத்தேன். அப்போது அதைப் பொய் என்று எண்ணவில்லை.

ஒரு மாதத்துக்குப் பிறகு கொழும்பில் இருந்து போன் எடுத்தாள். அவளுடைய குரல் வேறாக இருந்தது.

"பெரியப்பா, எல்லாம் செத்துப்போச்சு. கிழங்குக் கலமும்தான். நாங்கள் நினைச்சதிலும் பாக்க எவ்வளவோ கூட." பிறகு, "நல்ல கலங்களும் சேந்து செத்துப்போச்சு. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கு. திரும்பச் செய்து பாக்க வேணும். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள்.

நான் முதல் பாதியை மட்டும் கேட்டேன். போனை வைத்துவிட்டுச் சந்தைக்குப் போய் அங்கே எல்லாருக்கும் சொன்னேன். கோயில் வாசலில் சொன்னேன். கோரைக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். உலகத்தில் படித்தவன் எல்லாரும் தேடுகிற சாமான் என் பாத்தியில் நிற்கிறது என்று சொன்னேன். ஒருவர், "அண்ணை, அப்ப இனி உங்கடை கீரையைப் பாமசியிலைதான் வாங்க வேணுமோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். பகிடிக்குக் கேட்டாரோ மெய்யாகக் கேட்டாரோ, எனக்கு அது பொருட்டில்லை.

அன்று தொடங்கி மனைவிக்கு நாளுக்கு மூன்று தரம் வல்லாரைச் சாறு. குளிசையை நிறுத்தவில்லை, அந்த அளவுக்கு நான் மடையன் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவளுக்கு அரைத்தது வீட்டுப் பாத்திக் கீரை. சந்தைப் பாத்தியில் கை வைக்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் வராது. கை தன்பாட்டில் கிணற்றடிப் பக்கம் போகும். அவள் மூக்கைச் சுளித்துக் குடித்துவிட்டுக் கப்பைத் திருப்பித் தருவாள்.

"வாளி, நான் ஆடோ?"

"ஓம், ஆடுதான். குடி."

"ம்மே" என்பாள்.

அந்த மூன்று மாதப் படம் சுத்தமாக வந்தது. என் சாறுதான் என்று நான் சொன்னேன். கிளினிக் டொக்டர் குளிசை என்றார். நான் அவரோடு தர்க்கம் செய்யவில்லை. மனதுக்குள் அவருக்காக இரக்கப்பட்டேன்.

இரண்டாம் முறை கீரைக்குப் பெறாமகள் வந்த நாள் நாங்கள் கிளினிக்குக்குப் போயிருந்தோம். வீட்டில் ஆள் இல்லை. அவள் சின்ன வயதில் இருந்து பழகிய வீடு. கிணற்றடிக்குப் போய், தன் பெரியம்மாவின் பாத்தியில் தானே பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். போதாததுக்கு வேலிக் கரையிலும் பிடுங்கியிருக்கிறாள். போனில் சொன்னாள். எனக்கு அப்போதும் ஒன்றும் தட்டவில்லை.

இந்த முறை போன் வரவில்லை. ஒரு மாதம், ஒன்றரை மாதம். ஞாயிறு வந்து நகம் வெட்டினாள், ஆராய்ச்சியைப் பற்றிக் கதைக்கவில்லை. முகம் வற்றிப்போய் இருந்தது. கடைசியில் ஒரு நாள் வேலை நாளில் வந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் இருந்தாள்.

"பெரியப்பா, இரண்டாவது கீரை ஒண்டும் செய்யேல்லை. கலம் கொஞ்சம் வாடிச்சுது, அவ்வளவுதான். கிழங்குக் கலம் அப்பிடியே நிக்குது. நாலு தரம் செய்திட்டன். என்ரை கை பிழை எண்டு நினைச்சன். என்ரை பேராசிரியர், முதல் செய்ததிலைதான் ஏதோ கலந்திருக்கு எண்டு சொல்லுறார். வாங்கின சாமான், கழுவின போத்தல் எல்லாத்தையும் பாத்தாச்சு." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, வாய்க்காலைப் பார்த்தாள். "முதல் தந்த கீரை எந்தப் பாத்தி?"

முந்திக் கேட்க வேண்டிய கேள்வியை இப்போது கேட்டாள்.

"எல்லாம் ஒரே மண்தானே பிள்ளை. ஒரே கிணத்துத் தண்ணி."

"எந்தப் பாத்தி பெரியப்பா?"

இரண்டாம்தரமும் கேட்டாள். நான் வாழ்க்கையில் வழக்குக்காரருக்கு, வியாபாரிக்கு, ஆமிக்காரனுக்கு எல்லாம் பதில் சொல்லித் தப்பியவன். "சந்தைப் பாத்தி" என்றேன். "அடிச்சு நாலு நாள்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். சாற்றை வற்றவைக்கும்போது நாசினியும் கூடச் சேர்ந்து வற்றி இறுகும் என்று, ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். தட்டில் கலங்களைக் கொன்றது வல்லாரை இல்லை. அதனால்தான் நல்ல கலங்களும் செத்தன. ஐந்து மாத வேலையைக் கிழித்துவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும். எல்லாம் சொல்லி முடித்துவிட்டுத் திடீரென்று நிமிர்ந்தாள்.

"பெரியம்மாவுக்கு எதை அரைச்சுக் குடுத்தனீங்கள்?"

"கிணத்தடிக் கீரை."

மூச்சை விட்டாள். "அப்ப பரவாயில்லை."

"நல்லதோ?"

"கெடுதி இல்லை" என்றாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

அடுத்த படத்தில் முளைத்திருந்தது. முதல் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், இரண்டு பொட்டு. டொக்டர் திரையைத் திருப்பி எனக்குக் காட்டினார். நான் கேட்க முன்பே, "இனி வெட்ட ஏலாது ஐயா. பேச்சும் கையும் முழுக்கப் போயிடும்" என்றார். நான் தலையாட்டினேன். வருகிற வழியில் மிசினுக்கு மண்ணெண்ணெய் வாங்க வேண்டும் என்று நினைத்து, வாங்கினேன்.

அடுத்த நாள் காலை நான் செய்ததை எழுத வேண்டும். இதை யாருக்கும் சொன்னதில்லை. பெறாமகள் சொன்னது சரிதான், நான் ஊர் முழுக்கச் சொல்கிற ஆள். இது ஒன்றுதான் சொல்லாதது.

விடிந்து வெயில் ஏறமுன் நான் சந்தைப் பாத்திக்குப் போனேன். தட்டில் கிழங்குக் கலத்தைக் கொன்றது இந்தக் கீரைதான் என்று என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எதனால் கொன்றது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் குனிந்தேன். கோரைக்கு அடிக்கும்போது வெங்காயமும் கொஞ்சம் வாடும், பிறகு எழும்பும். கொஞ்சமாகக் கொடுத்தால் என்ன? யாருக்கும் இல்லாத துணிவு எனக்கு இருந்ததால்தானே இவ்வளவும் சேர்த்தேன் என்று நினைத்தேன். பயமோ கவலையோ இருக்கவில்லை. நாற்று நடப் போகிற மாதிரித்தான் போனேன். ஒரு கட்டளவு பிடுங்கிக் குசினிக்குக் கொண்டுவந்து சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.

அவள் குசினி வாசலில் கதிரையில் இருந்தாள். அந்த நாட்களில் அவளுக்குப் பத்துச் சொல் இருந்தால் அதிகம். நான் கிறைண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இடது கையை நீட்டிச் சட்டிக்குள் இருந்து ஒரு இலையை எடுத்தாள். தண்ணீர் முழங்கை வழியே வடிந்தது. இலையை முகத்துக்கு நேரே பிடித்து வாசல் வெளிச்சத்தைப் பார்த்தாள், சந்தைக்காரர் பார்க்கிறமாதிரி. கன நேரம் பார்த்தாள். வெளிச்சம் ஒரு பொட்டும் வரவில்லை.

"வாளி."

"என்ன?"

"இது சந்தை."

நார் என்ற சொல் போய்விட்டது. என் பேர் போய்விட்டது. பிள்ளைகளின் பேரும் போய்விட்டது. இது மட்டும் நின்றது.

"ஓம்" என்றேன்.

"ஆருக்கு?"

நான் கிறைண்டரைத் திரும்பவும் துடைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு எவ்வளவு விளங்கியது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இலையைச் சட்டிக்குள் போடாமல் நிலத்தில் வைத்தாள். பிறகு நெஞ்சில் கையை வைத்து, "எனக்கு எங்கடை" என்றாள்.

சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். ஆட்டுக்குப் போட முடியாது. கிடங்கு வெட்டிப் புதைத்தேன். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் ஓட்டைக் கீரை ஒரு பிடி பிடுங்கினேன். அன்றைக்குச் சாறு அரைக்கவில்லை. சம்பல் போட்டேன். உப்புக் கூடிவிட்டது. அவள் சாப்பிட்டாள்.

அவள் மாசியில் போனாள். அந்தியேட்டிக் கிரியை முடித்து, பிள்ளைகள் விமானம் ஏறினார்கள். ஆட்கள் என்னிடம் வந்து, நீ செய்யாததொன்றில்லை, எல்லாம் செய்து பார்த்தாய் என்றார்கள். ஓம் என்றேன். அழுகை வரும் என்று சிலர் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். வரவில்லை. இன்னும் வரவில்லை.

வீட்டுப் பாத்தியை இப்போது பெருப்பித்திருக்கிறேன். சந்தைப் பாத்தியில் மூன்றில் ஒரு பங்கை வேலி போட்டுப் பிரித்து, ஒரு வருடம் சும்மா விட்டு, அதற்குப் பிறகு நட்டேன். அந்தப் பக்கம் நாசினி அடிக்கும் மிசினைக் கொண்டுபோவதில்லை. காற்று அந்தப் பக்கம் வீசுகிற நாளில் மற்றப் பக்கமும் அடிப்பதில்லை. அந்தக் கீரை சந்தைக்குப் போகாது. ஒரு முறை அந்தச் சாக்கோடு சந்தை வழியே போனபோது பழைய வியாபாரி ஒருவர் ஒரு இலையை உருவித் தூக்கிப் பிடித்தார். "என்ன அண்ணை, மா அரிக்கிற அரிதட்டோ?" என்றார். இலையை வாங்கிச் சாக்குக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன்.

பெறாமகள் திரும்ப முதலில் இருந்து தொடங்கியிருக்கிறாள். சத்தைத் தனியாகப் பிரித்து எடுக்கிறாளாம். கிழங்குக் கலத்தில் கொஞ்சம் வேலை செய்கிறதுபோலத் தெரிகிறது என்கிறாள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். "கொஞ்சம் எண்டால் கொஞ்சம்தான் பெரியப்பா" என்றாள். இதை நான் சந்தையில் சொல்லவில்லை.

மாதத்தில் ஒரு நாள் கீரைக்கு வருகிறாள். படிவத்தை எடுத்து ஸ்கூட்டிச் சீற்றில் வைத்துக்கொள்வாள். பயிரிட்ட இடம். பிடுங்கிய நாள். பிறகு நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்துக் கேட்பாள்.

"நாசினி அடிச்சதோ?"

"இல்லை."

"பக்கத்துப் பாத்திக்கு?"

"இருபது நாளுக்கு முந்தி. காத்து மற்றப் பக்கம்."

அதையும் எழுதுவாள். எழுதிவிட்டுச் சாக்குக்குள் கையை விட்டு ஒரு இலையை எடுத்து வெயிலுக்குப் பிடிப்பாள். ஓட்டைகளுக்குள்ளால் வெளிச்சம் அவள் முகத்தில் பொட்டுப் பொட்டாக விழும். நான் சொன்னதை நம்பாமல் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் பார்த்து முடிக்கும்வரை சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.